பொட்டு வைத்த பொத்தான்

ஆறுமுகசாமியின் பெயர் அதுவரை அச்சில் வந்ததே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ராதாபுரம் பக்கத்து அவன் ஊரில், சித்தப்பா பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று விடாமல் வந்திருக்கிறது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே, அறுபது எழுபது பெயர்களுக்கு நடுவில், நெல்லிக்காய் மூட்டைக்குள் ஒரு நெல்லிக்காயாக, 'வெ. ஆறுமுகசாமி, பி.எஸ்சி. (இயற்பியல்)' என்று இருக்கும். மூன்று தெருவுக்கும் சேர்த்து அந்த ஒரு பட்டம்தான். அதனால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டுமே அவனைத் தங்கள் பக்கம் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கமும் போட்டிருந்தார்கள். யாருக்கு யார் உறவு என்று மண்டபத்தில் கொஞ்சம் பேச்சுக்கூட ஆனது.

ஆனால் கல்யாணப் பத்திரிகையின் ஆயுள் முகூர்த்தம் வரைதான். மறுநாள் அதை நாலாக மடித்து ஆடுகிற கட்டில் காலுக்குக் கீழே கொடுத்துவிடுவார்கள். புத்தகம் அப்படியல்ல. ஒரு புத்தகத்தில், ஒரே ஒரு புத்தகத்தில், பட்டத்தோடு தன் பெயர் வர வேண்டும். அந்தப் புத்தகம் ஊர்க் கிளை நூலகத்தில் நம்பர் போட்டு நிற்க வேண்டும். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அப்பா வெள்ளைச்சாமி அதை எடுத்துப் பிரித்து, மகன் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைக்க வேண்டும். ஆறுமுகசாமிக்கு இருபத்தொன்பது வயதில் இருந்த ஆசை இது ஒன்றுதான். பைக் ஆசை இருந்தது. அது நடுவிலேயே போய்விட்டது.

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முக்கிலிருந்து உள்ளே போகிற சந்தில், மாடியில் இருந்தது அவன் வேலை பார்த்த அச்சகம். முதலாளி ஜிஜி சேச்சி. மலையாள வேலைக்கு நாலு பேர். தமிழ் செக்‌ஷன் என்று ஒரு மூலை. அதில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் ஆறுமுகசாமி. அக்ரகாரத்து வீடுகளின் உபநயனப் பத்திரிகை, சாலை பஜார்க் கடைகளின் நோட்டீஸ், ஓட்டல் பலகாரப் பட்டியல், எல்லாம் அவன் கையால் டைப் ஆகி, அவன் கண்ணால் பிழை பார்க்கப்பட்டுப் போகும்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். மிக்ஸி விற்கிற கடைக்காரர் ஒருவர் செய்முறைத் தாள் ஒன்று அச்சடிக்கக் கொடுத்தார். 'மூடியை வலப்பக்கம் திருகித் திறக்கவும்' என்று அதில் இருந்தது. ஆறுமுகசாமி நேராகக் கடைக்குப் போய், ஒரு மிக்ஸியை எடுத்து வைத்து ஐம்பது தடவை திருகிப் பார்த்து, 'இடப்பக்கம்' என்று திருத்தினான். கடைக்காரருக்குக் கோபம். ஜிஜி சேச்சிக்குச் சிரிப்பு.

"எடா ஆறுமுகம், மூடி திறக்கிறதுக்காணோ நீ ஃபிசிக்ஸ் எடுத்தது?"

"திறக்கத் தெரியாதவன் கையில தாளக் குடுக்கோம் சேச்சி. அவன் நம்மள நம்பி வலப்பக்கம் திருகுவான். கடைசி வரைக்கும் திருகுவான்."

"திருகட்டே. மிக்ஸி நம்முடேது இல்லல்லோ."

இப்படியிருக்கும்போதுதான் சுசீலாபாய் டீச்சர் படியேறி வந்தார். பாறசாலைக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். கட்டட வேலைக்கு வந்த தமிழ் ஆட்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துகிற ஒரு பயிற்சி மையத்தில், கால்குலேட்டர் சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. ஆறு வாரம் படித்துத் தேறினால் சைட் சூப்பர்வைசர் சர்ட்டிபிகேட். தரைக்கு எத்தனை டைல், கூரைக்கு எவ்வளவு கான்கிரீட் என்று போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். கையில் ஒரு பழைய புத்தகத்தோடு வந்த டீச்சர், அதை மேசையில் போட்டார்.

"மக்களே, இந்தப் பொஸ்தகத்த வச்சு எனக்குப் படிப்பிக்க முடியல்ல. நீயே பாரு."

ஆறுமுகசாமி பார்த்தான். நான்கு பெருக்கல் மூன்று என்பதை, [4] [×] [3] [=] என்று போட்டிருந்தார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது பொத்தான் என்று அர்த்தம். படித்தவனுக்குப் புரியும்.

"வேலாயுதன்னு ஒரு மேஸ்திரி உண்டு. களியக்காவிளைக்காரன். முப்பது வருசத்து சர்வீசு. அவன் கேக்கான், டீச்சர், நாலு இருக்கு, பெருக்கல் இருக்கு, இந்த ரெண்டு பக்கமும் நிக்குத சட்டம் மட்டும் எந்தப் பட்டன்லயும் இல்லியேன்னு. முக்கால் மணிக்கூறு எல்லாவனும் சட்டத்தத் தேடியாச்சு."

அன்று இரவே புதுப் புத்தகம் ஆறுமுகசாமியின் தலைக்குள் தயாராகிவிட்டது. முதலில் கட்டம் வரைந்து, உள்ளே எண்ணைப் போட்டு ஒரு மாதிரிப் பக்கம் செய்து கொடுத்தான். டீச்சர் அதை வகுப்புக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்தார். பக்கம் முழுக்கச் சதுரம் சதுரமாக இருந்ததைப் பார்த்ததும் மேஸ்திரிகள் அது தரை ஓட்டு வரைபடம் என்று முடிவு செய்து, வரிசைக்கு எத்தனை, ஓரத்தில் வெட்டுவது எத்தனை என்று எண்ணிவிட்டார்கள். வேலாயுதன் மேஸ்திரி அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார்: 'பதினெட்டு ஓடு, ரெண்டு வேஸ்ட்.'

"பட்டனத்தான் காட்டணும் டீச்சர்," என்றான் ஆறுமுகசாமி. "பட்டன மாதிரி இருக்கிறதக் காட்டக்கூடாது. நீங்க கால்குலேட்டர் ஒண்ணு கொண்டுட்டு வாங்க. அதக் கவுத்தி ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு பட்டனையும் அப்படியே வெட்டி எடுக்கேன்."

டீச்சர் கொண்டுவந்தது விஜயதசமிக்கு மறுநாள்.

ஆறுமுகசாமி அதை வாங்கித் திருப்பினான். கீழே வலது மூலையில் எல்லாவற்றிலும் பெரிதாக நிற்கும் சமக்குறிப் பொத்தான்மேல், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. பூஜவைப்பின்போது புத்தகத்தோடு சேர்த்துக் கால்குலேட்டரையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். பொட்டு வைக்க வாகாக இடம் இருந்தது அந்தப் பொத்தானில்தான்.

அவன் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தான். அதே துணியோடு கை கால்குலேட்டர் பக்கம் போனது; போய்ப் பாதியில் நின்றது. பேட்டரிக்குள் சரஸ்வதி குடியிருப்பதாக நம்புகிறவன் அல்ல அவன்; மின்னோட்டம் எந்த வழியாக எப்படிப் போகிறது என்று படம் போட்டு மார்க் வாங்கியவன். ஆனால் அரிவாளுக்கு வைத்த பொட்டையோ, தராசுக்கு வைத்த பொட்டையோ, மினிபஸ் ஸ்டியரிங்குக்கு வைத்த பொட்டையோ யாரும் கையால் துடைத்து அவன் பார்த்ததில்லை. அது போகிற அன்றைக்குத் தானாகப் போகும். தலை பி.எஸ்சி. வரைக்கும் படித்திருந்தது, கை அவ்வளவு தூரம் படிக்கவில்லை.

சரி, கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று அப்படியே ஸ்கேன் செய்தான். கம்ப்யூட்டரில் பொட்டை அழித்தால், அடியில் மறைந்திருந்த சமக்குறியும் கூடவே போய் வெறும் பொத்தான் நின்றது. இரண்டு கோடு தானே போட்டுப் பார்த்தான். மற்றப் பல்லுக்கு நடுவில் கட்டின பல் மாதிரி அது தனியாகத் தெரிந்தது. மேலும் அது பொய். பொத்தானில் கண்ணுக்குத் தெரியாத கோட்டை நான் எப்படிப் போடலாம்?

"வேற ஒண்ணு குடுங்க டீச்சர்," என்று போன் செய்தான்.

மறுநாள் டீச்சர் ஒரு கட்டைப் பையில் மையத்தின் நாற்பது கால்குலேட்டரையும் அள்ளிக்கொண்டு வந்தார். ஆறுமுகசாமி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினான். நாற்பதிலும் பொட்டு. நாற்பதிலும் அதே பொத்தானில்.

"எல்லாத்துக்குமா டீச்சர் வச்சிய?"

"பின்னே? ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா அதுக்குச் சங்கடமா இருக்காதா?"

ஆறுமுகசாமி அரைமணி நேரம் நாற்பதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவனுக்கு ஒரு தெளிவு வந்தது. அறிவியல் பூர்வமான தெளிவுதான். இந்த மையத்தில் நாற்பது கால்குலேட்டர் இருக்கின்றன. நாற்பதிலும் சமக்குறிப் பொத்தான் என்றால் பொட்டு வைத்த பொத்தான்தான். மாணவன் குனிந்து பார்த்தால் தெரியப்போவது பொட்டு. அப்படியானால் உள்ளதை உள்ளபடி காட்டும் புத்தகத்தில் இருக்க வேண்டியது எது?

அறுபத்து நான்கு பக்கப் புத்தகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் அந்தப் பொத்தான் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் பொட்டு. ஒரே மையில் அச்சு என்பதால் சந்தனம் மங்கி, குங்குமம் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது.

ஜிஜி சேச்சி அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எந்தா, ஈ இரிக்குந்நோ?"

"பொட்டு சேச்சி. அங்க இருக்கிற நாப்பதும் இப்படித்தான் இருக்கு."

"எடா, பொட்டு போகும். அச்சு போகாது கேட்டோ."

அவர் சொன்னதை ஆறுமுகசாமி காதில் வாங்கவில்லை. அவன் அப்போது இரண்டாம் பக்கத்தில் இருந்தான். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். அதில் நடுவாக, ஒற்றை வரியில், 'பொத்தான் படங்கள்: வெ. ஆறுமுகசாமி, பி.எஸ்சி. (இயற்பியல்)' என்று போட்டு, பட்டத்தைக் கொஞ்சம் தடித்த எழுத்தாக்கினான். மறுபடி சாதாரணமாக்கினான். மறுபடி தடிப்பாக்கினான்.

"இதுக்கு நீ எத்தர நேரம் எடுக்கும்? குழந்தைக்குப் பேரிடுகயாணோ?" என்றார் சேச்சி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்நூறு பிரதி. அட்டை ஒட்டிக் கட்டுக் கட்டாக மையத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மையத்தை நடத்துகிற திட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் வெளியே போகலாம். போடாவிட்டால் ஐந்நூறும் காகிதக் கூழுக்கு. அதுவரை ஒரு பிரதியும் கதவைத் தாண்டக் கூடாது. அப்பாவோ வாரத்துக்கு இரண்டு போன்.

"ஏல, பொஸ்தகம் எப்ப வரும்? நூலகர்ட்டச் சொல்லிட்டேன். வாசல் பக்கத்து அலமாரியில எடம் ஒழிச்சி வச்சிருக்காரு. ஒரு மாசமா அந்த எடம் வெறுங் குழியாக் கெடக்கு, பல்லு போன மாரி."

"வந்துரும்ப்பா. ஒரு கையெழுத்துதான்."

"எனக்கே கையெழுத்துப் போடத் தெரியும். அவருக்கு என்னல இம்புட்டு நேரம்?"

வகுப்பில் புத்தகத்தைப் பிரித்தார்கள். அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. நாற்பது பேர் விரல் பட்டு, கால்குலேட்டரில் இருந்த பொட்டெல்லாம் தானாகப் போய்விட்டிருந்தது. படத்தில் பொட்டு இருக்கிறது. கையில் இருப்பதில் இல்லை. வேலாயுதன் மேஸ்திரி புத்தகத்தையும் கால்குலேட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரசமட்டம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"டீச்சர், இது அமுக்குறதுக்கு முன்னால வைக்கணும் போலிருக்கு. எல்லாக் கணக்குலயும் இருக்கு பாருங்க. அமுக்குத ஒவ்வொரு வாட்டியும் இருக்கு."

"அது வேண்டாம் மேஸ்திரி. அது பூஜைக்கு வச்சது."

"பூஜைக்கு வச்சதுன்னா பின்ன எதுக்குப் பொஸ்தகத்துல போட்டான்? டிகிரிக்காரன் சும்மா போடுவானா?"

இன்னொரு விஷயத்தையும் மேஸ்திரி கண்டுபிடித்தார். பொட்டு கருப்பாக இருக்கிறது. குங்குமம் என்றால் சிவப்பு. ஆகவே இது குங்குமம் அல்ல. கணபதி ஹோமத்துக் கருப்பு. மறுநாள் அவர் பழவங்காடியில் தேங்காய் உடைத்துவிட்டு, வாழையிலைத் துண்டில் கருப்புப் பிரசாதம் நிறைய மடித்துக்கொண்டு வந்தார். ஹோமக் கரியை நெய்யில் குழைத்தது. கொத்துக் கரண்டி பிடிக்கிற கை. ஆளுக்கு ஒரு பொட்டு, அந்தப் பொத்தான்மேல், ஒரே கனத்தில், ஒரே வட்டத்தில் வைத்துக்கொடுத்தது.

வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த ஜெஸ்லின், டைல் பதிக்கிற வேலைக்காரி, களியக்காவிளைப் பக்கத்துச் சபைக்காரி, தன் கால்குலேட்டரைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம் மேஸ்திரி. நானே வைக்கமாட்டேன், எனக்க கால்குலேட்டருக்கு எதுக்கு?"

"பின்ன விடை எப்படி வரும்?"

"வந்தா வரட்டும், வராட்டிப் போட்டும்."

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள தரை. டீச்சர் சொன்ன முதல் கணக்கு அதுதான். ஜெஸ்லினுக்குப் பன்னிரண்டு வந்தது. மற்றவர்கள் பொத்தானை அமுக்கினார்கள். நெய்யும் கரியும் இடுக்கில் இறங்கி, அமுங்கிய பொத்தான் மேலே வர யோசித்தது. விடுபட்டு விடுபட்டு ஒட்டியது. கால்குலேட்டர் சமக்குறியைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டு, வந்த விடையை மறுபடி மறுபடி நான்கால் பெருக்கியது. பன்னிரண்டு நாற்பத்தெட்டு ஆனது. நாற்பத்தெட்டு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆனது. எழுநூற்று அறுபத்தெட்டில் வேலாயுதன் மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரு படுக்கையறைக்கு எழுநூத்தி அறுவத்தெட்டு சதுர மீட்டர் ஓடா? டீச்சர், முப்பது வருசமா நான் குறைச்சுல்லா வாங்கியிருக்கேன்!"

"மேஸ்திரி, உங்க அனுபவத்துல சொல்லும், எவ்வளவு வேணும்?"

"அனுபவத்துல பன்னெண்டுதான். ஆனா படிப்பு வேற, அனுபவம் வேற."

சன்ஷேடு ஒன்றுக்கு எத்தனை லாரி கான்கிரீட் என்று அடுத்த கணக்கில் வந்த விடையைப் பார்த்து, இரண்டு பேர் அந்தத் தொழிலே வேண்டாம் என்று ஊருக்குக் கிளம்பத் தயாரானார்கள். ஜெஸ்லினுக்குச் சரியான விடை வந்துகொண்டே இருந்தது. அதற்கும் மேஸ்திரியிடம் விளக்கம் இருந்தது. "அவங்களுக்கு அது பொட்டில்லாமலே வரும். அவங்க முறை அது. நாம அதுல தலையிடக் கூடாது."

டீச்சர் போன் செய்ததும் ஆறுமுகசாமி கிழக்கேகோட்டை பஸ் நெரிசலுக்குள் புகுந்து ஓடினான். அதிகாரி வருவது மறுநாள். வகுப்பில் முப்பத்தொன்பது பேரும் பல் துலக்குகிற பிரஷ்ஷும் பஞ்சுமாகப் பொத்தான் இடுக்கைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மீதியிருந்த கருப்பையெல்லாம் டீச்சர் பறிமுதல் செய்து ஓர் ஊறுகாய் பாட்டிலில் அடைத்து மேசைமேல் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, பொட்டு வேண்டாம்," என்றான் ஆறுமுகசாமி. "அது இல்லாமலே வேலை செய்யும்."

வேலாயுதன் மேஸ்திரி புத்தகத்தை அவன் முன்னால் விரித்தார். "இது நீ போட்ட படமா?"

"ஆமா."

"பேரு போட்டிருக்கே. பட்டமும் போட்டிருக்கே."

"போட்டிருக்கேன்."

"அப்ப நீ பொஸ்தகத்துல சொன்னத நம்பணுமா, இப்ப வாயில சொல்லுகத நம்பணுமா? வாயில சொல்லும்போ உன் பேருக்குப் பின்னால பட்டம் தெரியல்லியே."

பட்டத்தின் மேல் ஒரு மனிதர் வைத்த இவ்வளவு மரியாதையை ஆறுமுகசாமி தன் ஊரில்கூடப் பார்த்ததில்லை. அதை எதிர்த்துப் பேசி உடைக்க அவனால் முடியவில்லை. நேரே இறங்கிப்போய் வளையல் கடையில் கருப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கிவந்தான். நெய் இல்லை, கரி இல்லை, பொத்தான் ஒட்டாது. முப்பத்தொன்பது கால்குலேட்டருக்கும் ஸ்டிக்கர். புத்தகமும் கால்குலேட்டரும் அச்சு அசலாக ஒன்றாயின. முப்பத்தொன்பது பேருக்கும் பன்னிரண்டு வந்தது. ஜெஸ்லினுக்கு எப்போதும்போலப் பன்னிரண்டு.

மறுநாள் சாயங்காலம் நவநீத் என்ற அந்த அதிகாரி வந்தார். ஆறுமுகசாமியைவிட இரண்டு வயது சின்னவராகத்தான் இருப்பார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பொட்டு, பொட்டு, பொட்டு. ஆறுமுகசாமி சுவரோடு சுவராக நின்றான். அவர் குனிந்து மேஸ்திரியின் கால்குலேட்டரைப் பார்த்தார்.

"இது எந்த மாடல்? ஆபீஸ்ல உள்ளதுல இந்த டாட் இல்லல்லோ."

"பூஜவைப்புக்கு வச்சது சார்," என்றார் டீச்சர்.

"ஓ, பூஜவைப்பு," என்றார் நவநீத். அத்தோடு அது முடிந்தது. உலகத்தில் எல்லாம் விளங்கிவிட்ட முகத்தோடு அடுத்த மேசைக்குப் போனார். கடைசியில் ஜெஸ்லினிடம் வந்து நின்றார்.

"இதுல மட்டும் டாட் இல்ல. இது கம்ப்ளெயின்டாணோ?"

"இல்ல சார். எனக்கது இப்படித்தான்."

"சர்வீசுக்குக் கொடுக்கணும் டீச்சர்," என்று குறித்துக்கொண்டார்.

கணக்கு கேட்டார். நாற்பது பேரும் சரியாகச் சொன்னார்கள். பேனாவைத் திறந்தார். ஆறுமுகசாமி மனதுக்குள் நூலக அலமாரியின் அந்தக் குழியில் புத்தகத்தைச் சொருகிப் பார்த்துவிட்டான். அப்போது அதிகாரி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். பேனாவை மூடினார்.

"இது யாரு, ஆறுமுகசாமி?"

"நாந்தான் சார்."

"பயிற்சி மெட்டீரியல்ல வ்யக்தியோட பேரு பாடில்ல. சர்க்குலர் உண்டு. பேரு தெரியக்கூடாது."

"சார், அந்தத் தாளக் கிழிச்சிரலாமா?" என்றார் டீச்சர்.

"அதோட மறுபக்கம் தலைப்பு. தலைப்பில்லாத்த புத்தகத்துக்கு நான் எங்ஙனே சைன் பண்ணும்? பேனா வச்சு வெட்டவும் பாடில்ல. அடித்தல் திருத்தல் உள்ள காப்பி ரிஜெக்ட்." அவர் வாட்சைப் பார்த்தார். "நான் ஒரு சாயா குடிச்சிட்டு வராம். அதுக்குள்ள பேரு தெரியாம இருந்தால் சைன். இல்லெங்கில் எல்லாம் திருப்பி அனுப்பும்."

அவர் படியிறங்கினார். வகுப்பு முழுக்க ஆறுமுகசாமியைப் பார்த்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பொட்டு தப்பித்துக்கொண்டது. ஒரு வரிப் பெயர் மாட்டிக்கொண்டது. பெயர் போனால் புத்தகம் இருக்கும். பெயர் இருந்தால் புத்தகம் கூழ். பெயர் இல்லாத புத்தகத்தை நூலகத்தில் வைத்து அப்பா எங்கே விரலை வைப்பார்? அவன் ஒரு பிரதியைக் கையில் எடுத்துப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலாயுதன் மேஸ்திரி எழுந்து வந்து, ஊறுகாய் பாட்டிலைத் திறந்தார்.

"தம்பி, அடிக்கக்கூடாது, வெட்டக்கூடாது, கிழிக்கக்கூடாது. பொட்டு வைக்கக்கூடாதுன்னு சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன?" கட்டை விரலைக் கருப்பில் தோய்த்து, பெயரின் தொடக்கத்தில் வைத்து, சுவர்ப்பூச்சை வழித்து முடிக்கிற லாகவத்தில் வலப்பக்கமாக ஒரே இழுப்பு இழுத்தார். வெ. ஆறுமுகசாமி, பி.எஸ்சி., இயற்பியல், எல்லாம் ஒரு கருப்புக் குறிக்குக் கீழே போய்விட்டது. "வச்சது வச்சபடி இருக்கும். போற அன்னைக்குத் தானாப் போவும். அடியில உள்ளது அடியில பத்திரமா இருக்கும்."

ஆறுமுகசாமிக்கு விஷயம் ஏற ஒரு நொடி பிடித்தது. ஏறியதும் சிரித்துவிட்டான்.

கான்கிரீட் போடுகிற நாளில் சட்டி கைமாறுகிற மாதிரி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கட்டு பிரிப்பவன் ஒருவன், பக்கம் திறப்பவன் ஒருவன், குறி போடுகிறவர் மேஸ்திரியோடு ஐந்தாறு பேர், விசிறி உலர்த்தி அடுக்குபவன் ஒருவன். ஜெஸ்லின் எழுந்து வந்தாள்.

"நான் அதத் தொடமாட்டேன். பக்கம் தொறந்து தாறேன். பேரு தெரியுதா இல்லியான்னும் பாத்துச் சொல்லுகேன்." அவள்தான் கடைசி வரை கண்டிப்பாக இருந்தாள். "மேஸ்திரி, இதுல 'சாமி' தெரியுது, இன்னொண்ணு போடும்."

அதிகாரி திரும்பி வந்தபோது ஐந்நூறும் அடுக்கி இருந்தது. மேலே இருந்த ஒன்றை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். கருப்புக் குறியை உற்றுப் பார்த்தார்.

"இது எந்தா?"

"கணபதி ஹோமத்துக் கருப்பு சார்," என்றார் மேஸ்திரி. "நல்ல காரியம் தொடங்குகோம்லா."

அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர் சுட்டுவிரல் நகம் தாளை நோக்கிப் போனது. போய்ப் பாதியில் நின்றது. ஆறுமுகசாமி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்; அந்த நிறுத்தம் எப்படிப்பட்டது என்று அந்த அறையில் அவனைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. விரல் மெல்லத் திரும்பி வந்தது. நவநீத் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே ஒரு பிரதி ராதாபுரம் பஸ்ஸில் போனது. நூலகர் நம்பர் போட்டுக் குழியில் சொருகினார். இரண்டாம் பக்கத்தில் கருப்பாக ஏதோ இருக்கிறது, பிள்ளையார் பிரசாதம் என்று மட்டும் அப்பாவிடம் ஆறுமுகசாமி சொல்லி வைத்திருந்தான். அவரும் தினமும் போய் அதைத் தொடாமல் பார்த்துவிட்டு வந்தார்.

தை மாதம் ஒரு மத்தியானம், சோறு சாப்பிட்டுவிட்டு அச்சகத்துப் படியேறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பாவின் குரல் வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தது.

"ஏல ஆறுமுகம்! கரியெல்லாம் உதுந்து போச்சி. நெய்யு தாள்ல எறங்கி, உன் பேரு இருக்க எடம் மட்டும் கண்ணாடி மாரி ஆயிட்டு. இந்தப் பக்கம் பாத்தாலும் தெரியுது, திருப்பித் தலைப்புப் பக்கம் பாத்தாலும் தெரியுது. நூலகர் காட்டுன எடத்துல நான் வெரல வச்சிப் பாத்தேன். நூலகர் அவர் நோட்டுலயும் உன் பேரத்தான் எழுதியிருக்காரு, இந்தப் பொஸ்தகத்த எழுதினதே நீதான்னு."

"எழுதலப்பா. படந்தான்."

"அத விடு. இன்னொரு விசயம். பேரு பூராத் தெளிவாத் தெரியுது. அந்தப் பட்டம் இருக்குல்லா, பி.எஸ்சி., அது மேல மட்டும் கொஞ்சம் கரி உதுராம நிக்கி. நூலகர் கேக்காரு, லேசா ஒரு துணியால தொடைச்சி விட்டுரட்டுமான்னு. துணி கையில ரெடியா வச்சிருக்காரு."

ஆறுமுகசாமி படியில் அப்படியே நின்றான். மேலே ஜிஜி சேச்சி, "எடா, அந்த உபநயனப் பத்திரிகை எவிட?" என்று கத்திக்கொண்டிருந்தார். கீழே பழவங்காடியில் யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்ப்பா," என்றான் அவன். "துணிய வைக்கச் சொல்லுங்க. அது தானாப் போவட்டும்."